சுடுதண்ணீரில் பிசைந்த மாவு

எண்ணெயைப் பொடியாக்கிக் கடதாசிப் பையில் போட்டு விற்கலாம் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், "போய் வேற வேலையப் பாருங்க" என்றிருப்பேன். நான் படித்தது உணவு விஞ்ஞானம்தான். ஆனால் பல்கலைக்கழகத்தில் இந்த விஷயம் குறிப்பேட்டில் அரைப் பக்கம். பரீட்சைக்கு வராது என்று யாரோ சொன்னதை நம்பி, அதைப் புரட்டிவிட்டுப் போய்விட்டேன். கடைசியில் அந்த அரைப் பக்கம்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

கினிகத்தேனைக்குப் பக்கத்தில், பெரிய வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சிறிய தொழிற்சாலை. பிஸ்கட்டும் கேக்கும் செய்கிறவர்களுக்கு வாசனைப் பொடி தயாரித்துக் கொடுக்கும் இடம். அதன் ஆய்வுகூடத்தில் இரண்டே பேர். ஒருவர் சிங்கள அம்மையார், ஐம்பது வயதிருக்கும், எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. இன்னொருவர் நான். சேர்ந்த முதல் நாள் அவர் ஒரு கரண்டி வெள்ளைப் பொடியை என் முன்னால் வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஒரு வாசனையும் இல்லை. நாக்கில் வைக்கச் சொன்னார். வைத்தேன். இரண்டு விநாடி எதுவும் இல்லை. பிறகு வாயெல்லாம் கறுவா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவ்வளவு நேரம் இது எங்கே இருந்தது மிஸ்?" என்று கேட்டேன். சிறுபிள்ளைத்தனமான கேள்விதான். ஆனால் மிஸ்ஸுக்கு அது பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். அன்று முழுக்க அதை எனக்கு விளக்குவதைத் தவிர அவர் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

கறுவா எண்ணெயை அப்படியே மாவில் கலந்து பேக்கரி அடுப்பில் வைத்தால், வாசனை வீதிக்குப் போய்விடும், பிஸ்கட்டில் மிஞ்சாது. பேக்கரியைக் கடந்து போகிறவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பது வாங்கித் தின்கிறவருக்குக் கிடைக்காது. அதனால் எண்ணெய்க்கு ஒரு உறை போட வேண்டும். வேல மரத்துப் பிசினைத் தண்ணீரில் கரைத்து, அதில் எண்ணெயை ஊற்றி, பால் போலாகும்வரை வேகமாகக் கடைவோம். ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றிப் பிசின் நிற்கும். அந்தப் பாலை உயரமான ஒரு உருளைக்குள் பனித்தூறல் போலப் பீய்ச்சி, சூடான காற்றை விட்டால், தண்ணீர் ஆவியாகி, பிசின் தோலாக இறுகி, கீழே பொடியாக விழும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பொட்டலங்கள். வாயில் ஈரம் பட்டதும் தோல் கரைந்து எண்ணெய் வெளியே வரும்.

எனக்கு ஒரு சந்தேகம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. சூட்டுக்குப் பயந்துதான் உறை போடுகிறோம். அந்த உறையையே கொதிக்கிற காற்றுக்குள் வைத்துப் போட்டால் எண்ணெய் அங்கேயே போய்விடாதா? மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், என் கையை நனைத்து மின்விசிறிக்கு முன்னால் பிடித்தார். கை சில்லிட்டது. தண்ணீர் ஆவியாகிற வரைக்கும் துளி குளிர்ந்தே இருக்கும், அது முடிவதற்குள் தோல் இறுகிவிடும், சூடு வந்து கதவைத் தட்டும்போது கதவு பூட்டியிருக்கும் என்றார். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஹற்றனுக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, யாரென்றே தெரியாத ஒரு அம்மாவிடம் இதை முழுவதும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குங்க" என்று சொல்லி வட்டவளையில் இறங்கிப்போனார்.

வாசனைக்கு அடுத்தபடியாக விட்டமின் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் பிள்ளைக் காம்பராக்களுக்குச் சத்து சேர்த்த கோதுமை மாவு கொடுக்கலாமா என்று ஒரு திட்டம். பிள்ளைக் காம்பரா என்பது மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளைப் பகல் முழுக்க விட்டுவிட்டுப் போகும் இடம். அங்கே காலைச் சாப்பாடு அநேகமாக ரொட்டிதான். மாவில் சேர்க்க வேண்டியவற்றில் எங்களுக்குத் தலையிடி கொடுத்தது விட்டமின் சி. சூடு ஆகாது, காற்று ஆகாது, ஈரம் ஆகவே ஆகாது. வீட்டுக்கு வந்த புது மருமகள்கூட இவ்வளவு கோபித்துக்கொள்ள மாட்டாள். பிசின் உறை இதற்கு உதவாது, மாவு பிசையும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். அதனால் தண்ணீரில் கரையாத கொழுப்பை உருக்கி, விட்டமின் பொடியின் மீது தெளித்து, குளிரவைத்து ஓடு போட்டோம். அந்த ஓடு எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் என் கையில் வந்தது.

பரிசோதனை எளிதானது, பார்க்கவும் அழகானது. மாவுத் தண்ணீரில் அயடின் விட்டால் கருநீலமாகிவிடும். ஆனால் அதில் விட்டமின் சி உயிரோடு இருந்தால், விழுகிற நீலத்தை அது விழுங்கிக்கொண்டே இருக்கும். விட்டமின் தீர்ந்த பிறகுதான் நீலம் நிலைக்கும். எத்தனை துளி விழுங்கியது என்று எண்ணினால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். நான் ஆய்வுகூடக் குழாய்த் தண்ணீரில் மாவைப் பிசைந்து, ரொட்டி தட்டி, சுட்டு, நசுக்கி, துளித்துளியாக விட்டுப் பார்த்தேன். நீலம் வருவதும் மறைவதுமாக இருந்தது. மறுபடி மறுபடி செய்தேன். விட்டமினில் பெரும்பகுதி சூட்டைத் தாண்டி வந்திருந்தது. 'ரொட்டி சுடும் வெப்பத்தைத் தாங்குகிறது' என்று அறிக்கை எழுதி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் மாதிரி மூட்டைகள் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று மிஸ் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டம். அங்கே பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் தினமும் பிள்ளைகளுக்கு எலுமிச்சை பிழிந்து தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுப்பாள். புளிப்புக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பிடித்து வைத்து, ஒவ்வொருவராகக் குடிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும்போதும் என்றாகிவிடும். மூட்டையைக் கொண்டுபோய் இறக்கிய அன்று, கொஞ்சம் திமிராகவே சொன்னேன், "இனிமே அந்தத் தேசிக்கா தண்ணி தேவையில்லக்கா. அதுல இருக்கிறது அத்தனையும் இதுலயே இருக்கு."

"அடுப்புல வச்சா போயிடாதா?"

"போகாது. அதுக்குத்தானே சம்பளம் குடுத்து என்னைய வச்சிருக்காங்க."

அக்கா நம்பினாள். அன்றிலிருந்து தேசிக்காய்த் தண்ணீரை நிறுத்திவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். என் மாவு எப்படி நடக்கிறது என்று பார்க்கும் ஆசை. அக்கா அடுப்பில் கேத்தலை வைத்திருந்தாள். தேத்தண்ணீருக்கு என்று நினைத்தேன். மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, கொதிக்கக் கொதிக்க அந்தத் தண்ணீரை அதில் ஊற்றினாள். கை வைக்க முடியாததால் கரண்டிக் காம்பால் கிளறினாள். பிறகு ஊதி ஊதிப் பிசைந்து, ஈரத் துணியால் மூடி ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கழுவிவிடப் போனாள்.

நான் அந்த மூடிய சட்டியைப் பார்த்தபடி நின்றேன். சுடுதண்ணீரில் பிசைந்த ரொட்டியைத் தின்றுதானே நான் வளர்ந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் பச்சைத் தண்ணீரில் பிசைய மாட்டார்கள். காலையில் சுட்டுக் கட்டிக்கொண்டு போவது மலையில் பதினொரு மணிக்கும் மெத்தென்று இருக்க வேண்டும். குளிருக்கு விறைத்துப்போன ரொட்டியைக் கடித்துக்கொண்டு கொழுந்து எடுக்க முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? ஆய்வுகூடத்துச் செய்முறைத் தாளில் 'அறை வெப்பநிலையிலுள்ள நீர்' என்று அச்சடித்திருந்தது. படித்தவளாயிற்றே, தாளில் உள்ளபடி செய்தேன். எங்கள் வீட்டுக் கேத்தல் ஒரு தடவைகூட என் ஞாபகத்துக்கு வரவில்லை.

திங்கட்கிழமைவரை பொறுக்கிற ஆள் நானில்லை. நோர்வூட்டுக்கு ஓடிப்போய் மருந்துக் கடையில் ஒரு சின்னப் போத்தல் அயடின் வாங்கி வந்தேன். அதற்குள் அக்கா ரொட்டி சுட்டு முடித்திருந்தாள். முதலில் புது மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கொதிநீர் விட்டுக் கிளறினேன். சூட்டில் நீலம் தானாகவே மறைந்து நம்மை ஏமாற்றும் என்பதால், கோப்பையைக் குழாயடியில் வைத்து நன்றாக ஆறவைத்தேன். ஒரு துளி விட்டேன். நீலம் வந்தது, போனது. இன்னொன்று. அதுவும் போனது. பிறகு அக்கா சுட்ட ரொட்டியில் ஒரு துண்டைத் தண்ணீரில் நசுக்கி, அதில் ஒரே ஒரு துளி விட்டேன். கருநீலம். கலக்கினேன். அப்படியே இருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இதுக்கு என்னா அர்த்தம்?"

சொன்னேன். கொதிநீர் பட்டதும் கொழுப்பு ஓடு உருகிவிடுகிறது. வெளியே வந்த விட்டமின் ஈர மாவுக்குள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காற்றோடு கிடக்கிறது. கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் கல்லில் போடும்போது அதுவும் முடிந்துவிடுகிறது.

அக்கா கோப்பையைக் கையில் எடுத்து நீலத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்ப மாவுல சத்து இருந்திருக்கு. என் கைக்கு வந்துதான் செத்துச்சா?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. "இல்லக்கா. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ எப்படிப் பிசைவேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் அப்படிச் செஞ்சு பாக்கல."

"மூணு வாரமா ரெண்டும் இல்லாம போச்சே புள்ளைங்களுக்கு."

அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். மூலையில் நாலு தேசிக்காய் வாடிக் கிடந்தன. வெட்டிப் பிழிய ஆரம்பித்தாள். பிழிந்துகொண்டே, "பகலைக்குப் புள்ளைங்களோட அம்மாமாரெல்லாம் வருவாங்க. நீதான் சொல்லணும்" என்றாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், அல்லது என்னோடு பள்ளிக்கூடம் போனவர்கள். நான் நின்றுகொண்டு சொன்னேன். ஓடு, கொழுப்பு, அயடின் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனேன். கடைசியில் முன்வரிசையில் நின்ற ஒரு அக்கா, இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்தபடி, "தங்கச்சி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. இந்த மூணு வாரமும் புள்ளைங்களுக்கு அந்தச் சத்து கெடச்சிச்சா, கெடைக்கலையா?" என்று கேட்டார்.

"கெடைக்கலக்கா."

ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்த அக்கா மகளின் வாயோரத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார், "மூணு வாரத்துல ஒன்னும் ஆயிடாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனா நீங்க இந்தத் தோட்டத்துப் புள்ள. அதனால இன்னைக்கு வந்து பாத்தீங்க. வேற தோட்டத்துக்கு இந்த மாவு போயிருந்தா யாரு வந்து பாத்திருப்பா?"

திங்கட்கிழமை மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். வேலை போகும் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார். பையில் 'பச்சைத் தண்ணீரில் பிசையவும்' என்று மூன்று மொழியிலும் அச்சடித்தால் முடிந்தது என்றார். எனக்கும் அப்போது அது நல்ல வழியாகத்தான் பட்டது. அடுத்த சனிக்கிழமை பிள்ளைக் காம்பராவில் நானே பச்சைத் தண்ணீரில் பிசைந்து சுட்டேன். சுட்ட சூட்டுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் பிள்ளைகள் சூட்டோடு தின்பதில்லை. ஒரு வாய் கடித்து, கொஞ்சம் விளையாடி, மறுபடி வந்து ஒரு வாய். பத்து மணிக்குள் ரொட்டி தோல் மாதிரி ஆகிவிட்டது. பாதி ரொட்டி பாய்க்கு அடியில் கிடந்தது. ஒரு குட்டி தன் பங்கைச் சன்னல் கம்பிக்கு இடையில் செருகி வைத்திருந்தாள்.

அக்கா பாயை உதறிக்கொண்டே, "சத்து ரொட்டிக்குள்ள பத்திரமாத்தான் இருக்கு. ரொட்டி பாய்க்குள்ள இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த ஒரு பேச்சு, விட்டமினின் ஓடு மாற வேண்டும் என்று மிஸ்ஸிடம் நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தைவிட நன்றாக வேலை செய்தது. அதைச் சிங்களத்தில் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு எழுதப் பேனையை எடுத்தார். "உங்கள் அக்காவின் தண்ணீர் எத்தனை பாகை?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாது. யாரும் அளந்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளை நான் இப்போதும் விருப்பத்தோடு நினைப்பேன். வெப்பமானியும் குறிப்புப் புத்தகமுமாகப் போய் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பேன். எங்கள் மலையின் உயரத்தில் தண்ணீர் நூறு பாகைக்கு முன்பே கொதித்துவிடும். அது தெரிந்ததுதான். தெரியாதது, மாவில் ஊற்றியதும் சூடு எவ்வளவு இறங்கும் என்பது. அக்கா கிளறும்போது அளந்தேன். துணி போட்டு மூடிய பின் அளந்தேன். எங்கள் கொழுப்பு உருகும் சூட்டுக்குச் சற்று மேலேதான் மாவு நின்றது, அதுவும் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறது. இன்னும் அதிகச் சூட்டில் உருகும் ஒன்றைக் கொழுப்போடு சேர்த்தால் போதும். மிட்டாய்க்கு மினுமினுப்பு கொடுக்க, ஒரு வகைப் பனை ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு இருக்கிறது. தின்னக்கூடியது. அதைப் போட்டோம்.

முதல் தடவை மெழுகு கூடிப்போயிற்று. ஓடு அசையவே இல்லை. கொதிநீரிலும் அவிழவில்லை, கல்லிலும் அவிழவில்லை, வயிற்றிலும் அவிழப்போவதில்லை என்று மிஸ் சொன்னார். பூட்டிய பெட்டியை விழுங்கி என்ன பயன்? மெழுகைக் குறைத்தோம். கொஞ்சம் கூட்டினோம். மறுபடி குறைத்தோம். ஒவ்வொரு மாதிரியையும் அக்காவே பிசைந்தாள். நான் பிசைய அவள் விடவில்லை. ஊற்றுவது அவள் கேத்தல், மூடுவது அவள் துணி, காத்திருப்பது அவளுக்கு வேலை முடிகிற வரைக்கும். ஒரு நாள் பிள்ளை ஒன்று விழுந்து அழுததில் மாவு இரண்டு மணித்தியாலம் கிடந்துவிட்டது. நான் அதைக் கழித்துவிடப் பார்த்தேன். "இதுவும் கணக்குதான். தெனமும் யாராச்சும் விழத்தான் செய்வாங்க" என்றாள் அக்கா. அதையும் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த ரொட்டியில்தான் முதன்முதலாக நீலம் மறைந்தது. எண்ணிக்கொண்டிருந்த மிஸ் பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, "உங்கள் அக்காவுக்குப் போன் பண்ணுங்கள்" என்றார்.

என் பழைய அறிக்கையை நானே கேட்டு வாங்கி, பிழை என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

புது மூட்டையை இறக்கிய சனிக்கிழமை தாய்மார் முன்னால் மறுபடி நின்றேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். வெப்பநிலை எழுதிய தாள்கள், துளிகளை எண்ணிய அட்டவணை, மிஸ்ஸின் கையெழுத்து, என் கையெழுத்து. தேசிக்காய்த் தண்ணீரை நிறுத்த வேண்டாம் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கேள்வி கேட்ட அதே அக்கா தாள்களை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் மரியாதைக்கு இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சோதிச்சுப் பாத்த மாவ யாரு பெசஞ்சது?" என்று கேட்டார்.

"எங்கக்காதான். அதே சுடுதண்ணியில."

"அப்பச் சரி" என்றார். மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு லயத்துப் பக்கம் இறங்கினார். மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார்கள். தாள்களை வேறு யாரும் கேட்கவில்லை.